என் கெர்னல் எத்தனை எம்பி?

எங்கள் விடுதியில் போன செமஸ்டர் முழுக்க ஒரு வினோதமான போட்டி ஓடிக்கொண்டிருந்தது. மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் இருப்பவன் கேட்பான்: "மச்சி, உன் கெர்னல் எத்தனை எம்பி?" பதினொன்று என்றால் சிரிப்பான். ஏழு என்றால் கொஞ்சம் மரியாதை. நான் ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு நாலரையைத் தொட்டேன். தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழனை எழுப்பி அதைச் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது :)

அந்த நாலரை எம்பியால் மூன்று பேருடைய ப்ராஜெக்ட் ரிவ்யூ கெட்டுப்போனது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் கதை மட்டும் இல்லை. கெர்னலை எங்கே இளைக்க வைக்கலாம், எங்கே கூடாது என்பதில் எனக்கு இப்போது ஒரு கருத்து இருக்கிறது. அது போட்டி நடந்தபோது இருந்த கருத்துக்கு நேர் எதிர் என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். தெரியாதவர்களுக்காக: லினக்ஸ் கெர்னல் என்பது உங்கள் நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆள். நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, வைஃபை எல்லாம் அவர் கையில். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் வெளியிட்டபோது அது சுமார் 10,000 வரி. இன்று 3 கோடி வரிகளுக்கும் மேல். பயப்பட வேண்டாம், அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள். உலகத்தில் எவனோ எப்போதோ விற்ற அட்டைக்கும் கருவிக்கும் எழுதப்பட்டவை. உங்கள் கணினியில் அவற்றில் நூறு இருந்தாலே அதிகம்.

கம்பைல் செய்யும் முன் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு வரி. கெர்னலுக்குள்ளேயே வை, தனி மாட்யூலாக வை, வேண்டவே வேண்டாம் என்று பெரும்பாலும் மூன்று பதில்கள்தான். கேள்விகள்தான் அதிகம்: 2015இல் வந்த 4.0 பதிப்பிலேயே 15,953 தெரிவுகள் இருந்ததாக ஓர் ஆய்வுக் கட்டுரை எண்ணிச் சொல்கிறது. உபுண்டு, டெபியன் மாதிரி விநியோகங்கள் யார் வீட்டில் என்ன கணினி இருக்கும் என்று தெரியாததால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாட்யூலாகக் கட்டி வைத்துவிடுகின்றன. கல்யாண சமையல்காரர் சாமான் லிஸ்ட் போடுவது மாதிரி. சர்க்கரை வியாதிக்காரர் வருவார், பூண்டு சாப்பிடாதவர் வருவார், எல்லோருக்கும் இருக்க வேண்டும். தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நமக்கு எதற்கு அண்டாவும் குண்டாவும் என்று தோன்றுவது நியாயம்தானே? அங்கேதான் இந்த வியாதி தொடங்குகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது என் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு லேப்டாப். 2 ஜிபி ராம். வயதாகிவிட்டது, பேட்டரி செத்துவிட்டது, ஆனால் ஓடுகிறது. எங்கள் ப்ராஜெக்ட், பழைய தமிழ் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்துகளை அடையாளம் காணும் நிரல். அணியில் மூன்று பேர். நான், அறைத்தோழன், இன்னொரு தோழி. உண்மையான வேலை அவளுடையது. நாலு மாதம் உட்கார்ந்து ல, ள, ழ வித்தியாசத்தை நிரலுக்குப் பழக்கியவள். அவளை இங்கே நிரல்காரி என்றே சொல்கிறேன். மற்ற இரண்டு பேரிடமும் விண்டோஸ். நிரல் லினக்ஸில்தான் ஓடும். அதனால் ரிவ்யூவுக்கு என் லேப்டாப் என்று முடிவானது. 2 ஜிபியில் நிரல் மூச்சு வாங்கியது. நான் மார்தட்டிக்கொண்டு சொன்னேன்: "கெர்னலை இளைக்க வைக்கிறேன், பார், பறக்கும்."

பறக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் விடுதியில் பாதிப் பேர் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். மாட்யூலாகக் கட்டப்பட்ட டிரைவர், அதற்குரிய கருவி இல்லாதவரை, வன்தட்டில் ஒரு கோப்பாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ராமில் ஏறவே ஏறாது. நாலாயிரம் மாட்யூல்களைத் தூக்கி எறிந்தாலும் நினைவகத்தில் மிச்சமாவது ஏதுமில்லை, ஏனென்றால் அவை அங்கே இருந்ததே இல்லை. கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டவற்றைக் குறைத்தால் சில எம்பி மிச்சமாகும், உண்மை. ஆனால் உலாவியில் ஒரு டேப் திறந்தால் அதைவிடப் பல மடங்கு போய்விடும். பூட் ஆகும் நேரம் கொஞ்சம் குறைந்தது. நிரல்காரியின் நிரல் முன்பு எடுத்த அதே நேரத்தைத்தான் எடுத்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் ஸ்மூத்தா இருக்கு இல்ல?" என்று கேட்டேன். அவளும் பாவம், "ஆமா, இருக்கு" என்றாள்.

1.44 எம்பி ஃப்ளாப்பியில் கெர்னலை அடைத்து பூட் செய்த காலத்தில் இந்த எம்பி கணக்குக்கு அர்த்தம் இருந்தது. அப்போதெல்லாம் புது ஒலி அட்டை வாங்கினால் கெர்னலை மறுபடி கம்பைல் செய்வது சாதாரணம். அந்தக் காலத்து அண்ணன்மார் எழுதி வைத்த பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் நம் ஆட்கள் இன்றைக்கும் "வேகமாகும்" என்கிறார்கள். கணினி மாறிவிட்டது, பக்கம் மாறவில்லை.

இதில் ஒரு சுவையான பழைய சண்டை உண்டு. 2002 தொடக்கத்தில் எரிக் ரேமண்ட், டில்லி அத்தை என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தை கெர்னல் ஆட்களின் நடுவில் கொண்டுவந்தார். கணினி பற்றி எதுவும் தெரியாத அந்த அத்தையும் தன் கெர்னலைத் தானே கட்டிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கேள்வி பதில் எளிதாக வேண்டும் என்பது அவர் வாதம். அத்தைக்கு எதற்கய்யா கெர்னல் கம்பைல், அதை விநியோகக்காரர் பார்த்துக்கொள்வார் என்று எதிர்ப்பு கிளம்பியது. பைத்தானில் அவர் எழுதிய புது முறை கடைசியில் நுழையவே இல்லை. அதே ஆண்டு ரோமன் ஜிப்பல் எழுதிய கேகான்ஃபிக் நுழைந்தது. இன்றும் அதுதான். நான் அத்தை பக்கமா, எதிர்ப்பக்கமா என்று கேட்டால், ரிவ்யூவுக்கு முன்பு வரை அத்தை பக்கம்.

இளைக்க வைக்க இரண்டு வழி. ஒன்று கீழிருந்து மேலே. டைனிகான்ஃபிக் என்று 2014இல் ஜாஷ் டிரிப்லெட் சேர்த்த ஒரு கட்டளை. முடிந்தவரை எல்லாவற்றையும் 'வேண்டாம்' ஆக்கிவிடும். எந்த அளவுக்கு என்றால், திரையில் செய்தி எழுதும் பிரின்ட்கே வசதியே போய்விடும். பூட் செய்தால் கறுப்புத் திரை. செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்றுகூடச் சொல்லாது. 64 பிட் என்பதையும் நாமே போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் 32 பிட் கெர்னல் வந்து நிற்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து மேலே ஏற வேண்டும். இரண்டு வாரம் முயன்றேன். ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் ஆகும் அந்த வரி எனக்கு மனப்பாடம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் தேர்வு நேரத்தில் செய்யாதீர்கள்.

இன்னொன்று மேலிருந்து கீழே. லோக்கல்மாட்கான்ஃபிக். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதி 2009 டிசம்பரில் 2.6.32 பதிப்போடு வந்தது. இந்த நிமிடத்தில் உங்கள் கணினியில் எந்தெந்த மாட்யூல் ஏறியிருக்கிறது என்று பார்க்கும். ஏறாத மாட்யூல்களை எல்லாம் வெட்டிவிடும். பத்தாயிரம் வரிக்கு மேல் இருந்த கான்ஃபிக் கோப்பு ஒரே கட்டளையில் சுருங்கிவிடும். என் லேப்டாப்பில் உண்மையான லாபம் இங்கேதான் கிடைத்தது: விநியோகத்தின் கான்ஃபிக்கோடு விடிய விடிய ஓடி, கடைசிக் கட்டத்தில் ராம் போதாமல் செத்த கம்பைல், இதற்குப் பிறகு (டீபக் தகவலையும் அணைத்த பிறகு) ஒரு சினிமா பார்த்து முடிக்கும் நேரத்துக்குள் முடிந்தது. கம்பைல் நேரமும் வன்தட்டு இடமும் மிச்சம். கெர்னல் நிரலில் கை வைத்துப் பழக வேண்டும் என்பவனுக்கு இது பெரிய வரம், சந்தேகமே இல்லை.

ஆனால் லோக்கல்மாட்கான்ஃபிக் என்பது ஒரு குரூப் போட்டோ. கிளிக் செய்த நொடியில் யார் நின்றார்களோ அவர்கள்தான் வகுப்பு. தண்ணீர் குடிக்கப் போனவன் படத்தில் இல்லை, அதனால் அவன் அந்த வகுப்பிலேயே படிக்கவில்லை என்று ஆகிவிடும்.

எனக்கு இது தெரியும். அதனால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. கட்டளையை ஓட்டும் முன் பென் டிரைவைச் செருகி, வெப்கேமைத் திறந்து, ஹெட்போன் மாட்டி, எல்லோரையும் போட்டோவுக்கு நிற்க வைத்தேன். என் பென் டிரைவை நான் ஈஎக்ஸ்டி4இல் ஃபார்மட் செய்து வைத்திருந்தேன் (லினக்ஸ்காரன் என்ற திமிர்). அப்புறம் ஞாபகம் வந்தது, ஊரில் மற்றவர்களிடம் இருப்பது ஃபேட்32. மெனுகான்ஃபிக்கில் போய் விஃபேட் என்று தேடி டிக் அடித்தேன். ரொம்பத் திருப்தி. சோதித்துப் பார்க்கவில்லை. வன்தட்டில் இடம் வேண்டும் என்று பழைய விநியோகக் கெர்னலையும் நீக்கிவிட்டேன்.

ரிவ்யூ அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நிரலைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், முகத்தில் நல்ல ஆர்வம். "உங்க சாம்பிள்ல ஓடுது, சரிம்மா. என்கிட்ட சில பழைய பக்கங்கள் இருக்கு, அதுல ஓட்டுங்க பாப்போம்" என்று நிரல்காரியிடம் பென் டிரைவை நீட்டினார். இதைவிட நல்ல தருணம் ஒரு ப்ராஜெக்டுக்கு வருமா? அவள் செருகினாள். மவுன்ட் ஆகவில்லை. மறுபடி செருகினாள். நான் கெர்னல் செய்திகளைத் திறந்து பார்த்தேன். கோட்பேஜ் சிபி437 கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

விளக்குகிறேன். ஃபேட் வகைக் கோப்புப் பெயர்களைப் படிக்க கெர்னலுக்கு ஓர் எழுத்து அட்டவணை வேண்டும். இயல்பாக அது தேடுவது கோட்பேஜ் 437, அதாவது 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் எழுத்து அட்டவணை. அதற்கு கான்ஃபிக் கோப்பில் தனியாக ஒரு வரி. விஃபேட்டை டிக் அடித்தால் இது தானாக டிக் ஆகாது! விநியோகங்களில் அந்த வரி எப்போதும் இருப்பதால் யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் குரூப் போட்டோவில் அது நிற்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. 1981ஆம் ஆண்டின் ஓர் அட்டவணை, சில கேபி, எங்கள் ரிவ்யூவை நிறுத்தியது.

மாட்யூலை அந்த இடத்திலேயே கம்பைல் செய்ய முயன்றேன். கெர்னல் மூல நிரலையும் இடம் மிச்சம் பிடிக்க நீக்கியிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. பழைய கெர்னலில் பூட் செய்யலாம் என்றால் அதுவும் இல்லை. பத்து நிமிடம் போனது. தேர்வாளர் கோபப்படவில்லை. பென் டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு "பரவாயில்லப்பா" என்றார். அந்தப் பரவாயில்லை இருக்கிறதே... செயல்விளக்கம் முழுமையில்லை என்று எழுதி, மறு ரிவ்யூ என்று போட்டுவிட்டுப் போனார். (கெர்னல் உதவியே இல்லாமல் ஃபேட் வட்டைப் படிக்க எம்டூல்ஸ் என்று ஒரு பழைய கருவித்தொகுப்பு இருக்கிறது, எம்காப்பி என்று ஒரு கட்டளை கொடுத்திருந்தால் கோப்பு வந்திருக்கும். இது எனக்கு இரவு ஒன்பது மணிக்குத் தெரிந்தது.)

நிரல்காரி திட்டவில்லை. காரிடாரில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத ஏன்டா எடுத்த?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வேகத்துக்கு என்று சொல்ல முடியாது, வேகம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இடத்துக்கு என்றால் சில கேபி. உண்மையான பதில், எடுத்தால் எண் குறைந்தது. மெஸ்ஸில் சொல்ல ஒரு எண்.

இதுவரை படித்துவிட்டு "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், விநியோகக் கெர்னலே போதும்" என்று யாராவது கிளம்பினால், கொஞ்சம் உட்காருங்கள். கெர்னலை இளைக்க வைப்பதற்கு ஒரு நிஜமான, கனமான காரணம் இருக்கிறது. அது வேகம் இல்லை, கதவுகள்.

எக்கோநெட் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் இல்லை. ஏகார்ன் நிறுவனத்தின் வலையமைப்பு, 1980களில் பிரிட்டனின் பள்ளிக்கூடங்களில் பிபிசி மைக்ரோ கணினிகளை இணைத்தது. லினக்ஸில் அதற்கு யாரோ ஆசையாக ஆதரவு எழுதிச் சேர்த்திருந்தார்கள். விநியோகங்கள் வழக்கம்போல மாட்யூலாகக் கட்டி அனுப்பின. மாட்யூல் தூங்கிக்கொண்டுதானே இருக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சிக்கல்: சாதாரணப் பயனர் ஒருவர் எக்கோநெட் சாக்கெட் ஒன்று வேண்டும் என்று கேட்டாலே போதும், கெர்னல் அந்த மாட்யூலைத் தானாக எழுப்பிக் கொண்டுவந்துவிடும். 2010இல் நெல்சன் எல்ஹேஜ் அதில் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். அவற்றோடு கெர்னலின் வேறொரு ஓட்டையையும் கோத்து, சாதாரணப் பயனரை ரூட் ஆக்கும் நிரல் ஒன்றை டான் ரோசன்பெர்க் அந்த டிசம்பரில் வெளியிட்டார். வாழ்நாளில் எக்கோநெட் கேபிளைப் பார்த்தே இராத சர்வர்கள் எல்லாம் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தன. 2012இல் எக்கோநெட்டைக் கெர்னலிலிருந்தே நீக்கினார்கள்.

ஒரே ஒரு கதை என்று தள்ள முடியாது. டிசிசிபி என்ற நெறிமுறை. 2005இல் உள்ளே வந்தபோதே ஓர் ஓட்டையும் சேர்ந்து வந்தது. 2017இல்தான் ஆந்த்ரே கோனோவலோவ் அதைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு வருடம்! அந்தப் பன்னிரண்டு வருடத்தில் டிசிசிபியைப் பயன்படுத்திய ஒருவரை நீங்கள் சந்தித்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கைகொடுக்கிறேன். 2025இல் அதையும் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கான்ஃபிக் கோப்பில் டிசிசிபிக்கு 'வேண்டாம்' என்று எழுதியிருந்தவருக்கு 2017ஆம் ஆண்டின் அந்தச் செய்தி வெறும் செய்தி. இதுதான் நான் சொல்லும் லாபம். 2013இல் என்டிஎஸ்எஸ் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வில், சர்வரின் வேலையைப் பார்த்து அதற்குத் தேவையானதை மட்டும் கம்பைல் செய்தால் தாக்குவதற்குக் கிடைக்கும் பரப்பு 50 முதல் 85 சதவீதம் வரை குறையும் என்று அளந்து காட்டினார்கள். 2020இல் யூரோசிஸ் மாநாட்டில் வந்த லூபின் என்ற ஆய்வு இன்னும் சுவாரசியம். நான் மேலே சொன்ன 15,953 என்ற எண்ணும் அதிலிருந்துதான். அதில் 283 தெரிவுகளோடு ஒரு அடிப்படைக் கெர்னலைச் செய்தார்கள். டாக்கர் ஹப்பில் மிகப் பிரபலமான 20 செயலிகளை எடுத்து, அதன் மேல் ஓட என்னவெல்லாம் சேர்க்க வேண்டும் என்று பார்த்தார்கள். இருபதுக்கும் சேர்த்தே 19 தெரிவுகள் போதுமாக இருந்தன. பத்தொன்பதுதான்! அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் விடுதியில் போட்டி தொடங்கியதற்கே காரணம் அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

நான் கவனிக்காமல் விட்டது அந்த ஆய்வில் கண்முன்னே இருந்தது. அவர்களுடைய கெர்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. ரெடிஸ் என்றால் ரெடிஸ், என்ஜின்எக்ஸ் என்றால் என்ஜின்எக்ஸ். அதில் யாரும் வந்து பென் டிரைவ் செருகப் போவதில்லை, ப்ரொஜெக்டர் மாட்டப் போவதில்லை. 'தேவையானது' என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் வேலை முன்கூட்டியே தெரியும். மாணவனுடைய லேப்டாப்புக்கு என்ன வேலை? நாளைக்கு எந்தப் பிரின்டர், எந்தத் தேர்வாளர், எந்த ஊர் வைஃபை டாங்கிள் என்று யாருக்குத் தெரியும்? வேலை தீர்மானமாகாத கணினியில் குறைந்தபட்சம் என்று ஒரு எண்ணே கிடையாது. இருப்பது நேற்றுவரை செய்த வேலைகளின் பட்டியல். அதை நாளைக்கும் சேர்த்து நான் எழுதிக்கொண்டேன்.

எனவே என் கட்சி இது. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில் ஒரே ஒரு தளம் ஓட்டுகிறீர்களா, வீட்டு மோட்டாரை அணைக்க ஒரு சின்ன போர்டு செய்கிறீர்களா, ஈவு இரக்கமில்லாமல் வெட்டுங்கள். அங்கே வெட்டாமல் இருப்பதுதான் சோம்பேறித்தனம். கம்பைல் செய்து பழக வேண்டும் என்பதற்காக வெட்டுகிறீர்களா, தாராளமாக. மெனுகான்ஃபிக்கின் உதவிக் குறிப்புகளை உட்கார்ந்து படித்ததில் என் லேப்டாப்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டது எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஆனால் பழைய கெர்னலை பூட் மெனுவில் விட்டு வையுங்கள். மற்றவர்களுடைய வேலை நம்பி நிற்கிற கணினியில், அவர்களைக் கேட்காமல் ஒரு வரியைக்கூட எடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. எண்ணைக் குறைக்கிற வெறியில் எங்கள் போட்டியில் முதல் இடம் பிடித்தவன் எதையெல்லாம் எடுத்தான் தெரியுமா? ஸ்டாக் பாதுகாப்பு, 2018இல் மெல்ட்டவுனுக்காகச் சேர்த்த பக்க அட்டவணைப் பிரிப்பு, எல்லாம். கதவைக் குறைக்கக் கிளம்பியவன் பூட்டைக் கழற்றி எடைக்குப் போட்ட கதை. அதுவும் போக, விநியோகக் கெர்னல் என்றால் அப்டேட் தானாக வரும். சொந்தக் கெர்னல் என்றால் நாமே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அந்தச் சாம்பியனின் கெர்னல் இன்றைய தேதிக்கு ஒரு வருடப் பழசு. 2016இல் டர்ட்டி கவ் என்று ஒன்று வந்ததே, 2007 முதல் நினைவக நிர்வாகத்தின் நடுவயிற்றில் உட்கார்ந்திருந்த ஓட்டை. எவ்வளவு இளைத்த கெர்னலானாலும் அது இருந்திருக்கும், ஏனென்றால் நினைவக நிர்வாகம் இல்லாமல் கெர்னல் இல்லை. அதற்கு மருந்து அப்டேட் மட்டும்தான்.

கம்பைல் செய்யாமலே கதவை மூட வழி இருக்கிறது என்பதையும் நம் ஆட்கள் சொல்வதில்லை. மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் வேண்டாத மாட்யூலின் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதினால் அது தானாக ஏறாது. எல்லாம் ஏறி முடிந்த பிறகு மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட் என்ற சிஸ்கண்ட்ரோல் மதிப்பை ஒன்று ஆக்கினால், மறுபடி பூட் செய்யும்வரை புது மாட்யூல் எதுவும் நுழைய முடியாது. லாபத்தில் பெரும்பங்கு, ஐந்து நிமிட வேலை. மெஸ்ஸில் சொல்லிக்கொள்ள எண் எதுவும் கிடைக்காது, அதுதான் குறை.

மறு ரிவ்யூ வருகிற 14ஆம் தேதி. லேப்டாப்பில் இப்போது விநியோகக் கெர்னல்தான் முதலில், என் கெர்னல் பூட் மெனுவில் இரண்டாவது. அறைத்தோழன் நாலு விதமான பென் டிரைவ் கடன் வாங்கி வந்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் கான்ஃபிக்கை நான் தூக்கிப் போடவில்லை. மொத்தக் கோப்பாக வைக்காமல், நானாக மாற்றிய வரிகளை மட்டும் தனித் துண்டுக் கோப்பில் எழுதி, மெர்ஜ்_கான்ஃபிக் ஸ்கிரிப்டைக் கொண்டு சேர்க்கிறேன். கேட்டது கடைசியில் கிடைக்கவில்லை என்றால் அது சத்தம் போட்டுச் சொல்கிறது. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் வைத்தேன், ஏன் எடுத்தேன் என்று ஒரு குறிப்பு. பல இடங்களில் குறிப்பு எழுத வரவில்லை, அந்த வரிகளைப் பழையபடி விட்டுவிட்டேன். கோப்பை நிரல்காரிக்கு அனுப்பினேன். 437 இருக்கும் வரிக்கு மேல் நான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு அவள் ஒன்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்: "என்கிட்ட கேக்காம இதைத் தொடாதே."